மேட்டு நிலத் தோட்டமும் நம் பள்ளிவாசல் முற்றமும்

இஸ்லாமியத் தோட்டக்கலையைப் பற்றித் தமிழில் வெளிவரும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே படத்துடன் வருகின்றன. கிரானடா நகரத்து அல்ஹம்ரா அரண்மனையை அடுத்துள்ள ஜன்னத்துல் அரீஃப் மாளிகையின் முற்றம். நடுவே நீண்ட வாய்க்கால். இருமருங்கிலிருந்தும் வில்லாய் வளைந்து ஒன்றையொன்று கடக்கும் நீர்த்தாரைகள். படத்தின் கீழே சுவனத்தை நினைவூட்டும் ஒரு வரி. உள்ளே சென்றால், முஸ்லிம்கள் சென்றவிடமெல்லாம் நீரைப் பாயவிட்டனர், பாலையைச் சோலையாக்கினர் என்னும் பெருமிதம். அப்பெருமிதத்தில் உண்மை உண்டு. அதை மறுப்பது நம் நோக்கமன்று. ஆயின் அந்தப் படத்தையே தோட்டத்தின் இலக்கணமாகக் கொண்டு, திண்டுக்கல் போன்ற வறண்ட ஊர்களில் பள்ளிவாசல் முற்றங்களும் மதரஸா வளாகங்களும் அமைக்கப்படுவதைக் காண்கையில், அவ்விலக்கணம் எங்கிருந்து வந்தது, நம் மூலநூல்களின் வழக்கு அது மட்டுந்தானா என்று கேட்க வேண்டியதாகிறது.

முதலில் படத்தையே எடுத்துக்கொள்வோம். கடந்து பாயும் அந்த நீர்த்தாரைகள் நஸ்ரீ சுல்தான்கள் வைத்தவை அல்ல. 1492இல் கிரானடா கைமாறிப் பல தலைமுறைகள் சென்றபின் சேர்க்கப்பட்டவை. 1958இல் அங்கு நேர்ந்த தீவிபத்தை அடுத்து முற்றத்தை அகழ்ந்து ஆராய்ந்தபோது, பழைய பூம்பாத்திகள் நடைபாதையின் மட்டத்தினும் நன்கு தாழ்ந்திருந்தமை வெளிப்பட்டது. பாத்தியைத் தாழ்த்திவைத்தால் பாய்ச்சிய நீர் வழிந்தோடாது. வேரடி ஈரம் எளிதில் உலராது. நடப்பவர் கண்ணுக்குப் பூக்கள் விரிப்பைப் போலக் கிடக்கும். அந்த முற்றத்தை அமைத்தவர்கள் கண்ணுக்கு விருந்தளிக்கும்போதே நீருக்கும் கணக்கு வைத்திருந்தார்கள். நம் கட்டுரைகள் பிற்காலத்தார் சேர்த்த தாரைகளைப் புகழ்கின்றன. முன்னோர் தாழ்த்திய பாத்தியைக் காண்பதில்லை.

இன்னொன்று. கிரானடாவின் ஆண்டு மழை சராசரியாக 400 மில்லிமீட்டரை எட்டுவதில்லை. திண்டுக்கல்லுக்கு 800 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்கிறது. அவ்வூரைவிட நமக்கு ஏறத்தாழ இருமடங்கு மழை! இருந்தும் அங்கே கோடையில் வாய்க்கால் ஓடியதற்குக் காரணம், அரபிகள் ஜபல் ஷுலைர் என்றழைத்த பனிமலை. இன்று சியரா நெவாடா எனப்படும் அம்மலையின் பனி உருகி ஆறுகளை ஓடவைத்தது. தர்ரோ ஆற்றின் மேற்பகுதியில் நீரைத் திருப்பி, சரிவை ஒட்டிக் கால்வாய் வெட்டி, அரண்மனைக்குக் கொணர்ந்தனர். சிறுமலையிலும் பழனி மலைத்தொடரிலும் பனி உருகி வருவதில்லை. அம்மலைகளே தென்மேற்குப் பருவக்காற்றை மறித்துத் திண்டுக்கல் சமவெளியை மழை மறைவில் நிறுத்துகின்றன. நம் மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களில் கொட்டித் தீர்கிறது. பிறகு பங்குனி முதல் ஆனி வரை வெயில். கிரானடாவின் நீர்வாய்க்காலை இங்கே ஆழ்துளைக் கிணற்றைக் கொண்டு போலச்செய்ய முனைவது மலையை விட்டுவிட்டு ஆற்றை மட்டும் கேட்பதாகும். பாபர் ஹிந்துஸ்தானத்தில் ஓடுநீர் இல்லையென்று தம் நினைவுக் குறிப்பில் குறைபட்டுக்கொண்டார். ஆக்ராவில் கிணறு தோண்டி, உருளை வைத்து நீரிறைத்துத் தோட்டம் போட்டார். அவருக்கு அதற்கான ஆளும் மாடும் இருந்தன.

நாற்கூறாகப் பகுத்த சஹார் பாக் அமைப்பே இஸ்லாமியத் தோட்டத்தின் அடையாளம் என்பதும் ஆய்வில் தளர்ந்துபோன கருத்து. கற்கால்வாய்களால் ஒழுங்குபடுத்திய தோட்டத்தின் சுவடுகள் ஈரானின் பஸர்காதேயில், கிறித்துவுக்கு முன் ஆறாம் நூற்றாண்டு சைரஸ் மன்னனின் அரண்மனையில் கிடைத்துள்ளன. ஆந்தலூசியத் தோட்டங்களை ஆராய்ந்த ஃபேர்சைல்ட் ரகிள்ஸ் என்னும் அறிஞர், தோட்டத்தைச் சுவனத்தின் சின்னமாக மட்டும் வாசிக்கும் பழக்கத்தைக் கண்டித்து, வயலும் வாய்க்காலும் வரிவிதிப்பும் கூடிய வேளாண் நிலத்திலிருந்தே அது வளர்ந்தது என்று 2000ஆம் ஆண்டு வெளிவந்த நூலில் விரிவாக வாதிட்டார். அவர் கூறுவன அனைத்தையும் நாம் ஏற்கவில்லை. சுவன நினைவு தோட்டக்காரனின் உள்ளத்தில் இல்லவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் உழவிலிருந்து தோட்டத்தைப் பார் என்னும் அவருடைய அறிவுரை நமக்குப் பயன்படும்.

தமிழ் முஸ்லிம் இலக்கியத்துக்கும் இந்த நீர்மோகத்தில் பங்குண்டு. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியையொட்டிச் சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர், நாட்டுப் படலத்தில் அரபு நாட்டை வருணிக்கும்போது மலையில் மழை பொழிந்து, ஆறு பெருகி, வயல் விளையும் மருத நிலமாகவே காட்டுகிறார். காப்பிய மரபு கோரிய வருணனை அது. கம்பனைக் கற்ற புலவர் வேறெப்படியும் பாடியிருக்க இயலாது. கேட்டோரும் தம் ஊரையே மக்காவில் கண்டு மகிழ்ந்தனர். கவிதைக்கு அது குற்றமாகாது. ஆயினும் மக்காவின் பள்ளத்தாக்கு பயிரில்லாதது என்று திருமறையே இப்ராஹீம் நபியின் பிரார்த்தனையில் குறிப்பிடுவதை நாம் படித்திருந்தும், தோட்டம் என்றவுடன் நம் உள்ளத்தில் மருதமே விரிகிறது. முல்லைக்கும் பாலைக்கும் அங்கே இடமில்லை.

இனி மூலத்துக்கு வருவோம். கீழே ஆறுகள் ஓடும் சுவனச் சோலைகளைத் திருமறை பலவிடங்களில் கூறுகிறது. அவை மறுமையின் வாக்குறுதி. இம்மையில் மனிதன் காணும் தோட்டத்தை உவமையாக எடுத்தாளும் இடங்களுள் அல்பகறா அத்தியாயத்தின் 265ஆம் வசனம் நம் கவனத்துக்குரியது. இறைப் பொருத்தத்தை நாடிப் பொருள் செலவிடுவோரின் நிலை, 'ரப்வா' என்னும் மேட்டு நிலத்தில் உள்ள தோட்டத்துக்கு ஒப்பிடப்படுகிறது. அதன் மீது 'வாபில்' எனப்படும் பெருமழை பெய்தால் இருமடங்கு பலன் தருகிறது. பெருமழை இல்லையெனில் 'தல்' எனப்படும் சிறு தூறலே அதற்குப் போதுமானதாகிறது. 'தல்' என்பதைப் பனி என்று கொண்டோரும் உளர்.

அந்த மேட்டில் ஆறு ஓடுகிறதா, இல்லையா? விரிவுரையாளர்களிடையே இதில் ஒரு சுவையான சிக்கல் இருக்கிறது. இப்னு கஸீரின் தஃப்சீர் நமக்குக் கிடைக்கும் பதிப்புகளில், ரப்வா என்பது உயர்ந்த நிலம் என்றும், அதில் ஆறுகள் ஓடுகின்றன என்று இப்னு அப்பாஸ் (ரலி), ளஹ்ஹாக் ஆகியோர் கூடுதலாகக் கூறினர் என்றும் காணப்படுகிறது. தபரீயும் குர்துபியும் அதே இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் பெயரால் தருவதோ இதற்கு நேர்மாறு: ஆறுகள் ஓடாத உயர்ந்த நிலம். 'லா' என்னும் ஒரு சிறு எதிர்மறைச் சொல் நிற்பதும் விடுபடுவதுமே வேறுபாடு. ஹிஜ்ரி 310இல் மறைந்த தபரீ காலத்தால் முந்தியவர். ஹிஜ்ரி 774இல் மறைந்த இப்னு கஸீர் பிந்தியவர். வரலாற்று முறையில் முந்திய வடிவத்துக்கே வலு அதிகம். பொருள்முறையில் பார்த்தாலும், ஆறு ஓடும் தோட்டத்துக்குப் பெருமழை வந்தால் என்ன, தூறல் வந்தால் என்ன? உவமையின் உயிரே போய்விடும். குர்துபி தரும் விளக்கமும் இதுவே: மழையை நம்பி நிற்பதாக வசனம் கூறுவதால் அங்கே ஓடுநீர் இல்லை என்று விளங்குகிறது, ஊற்றுநீர் உள்ள மேட்டைச் சொல்ல நாடியபோது அல்முஃமினூன் அத்தியாயத்தின் 50ஆம் வசனம் அதை வெளிப்படையாகவே சேர்த்துச் சொல்லியிருக்கிறது.

குர்துபி ஆந்தலூசியர். குர்துபா நகரில் பிறந்து, நீருருளைகளும் வாய்க்கால்களும் சூழ வளர்ந்து, பின் எகிப்தில் குடியேறி ஹிஜ்ரி 671இல் மறைந்தவர். நம் கட்டுரையாளர்கள் எந்த நாட்டின் பெயரால் நீர்த்தாரையைப் புகழ்கிறார்களோ, அந்த நாட்டவரே இவ்வசனத்தை மானாவாரித் தோட்டமாக வாசித்திருக்கிறார். அவருக்கு முந்தியவரும் கிரானடாவில் பிறந்தவருமான இப்னு அதிய்யா இன்னும் நுட்பமாகச் செல்கிறார். ரப்வா என்பது சற்றே உயர்ந்த நிலம். பெரும்பாலும் அங்கே மண் கனத்து, நல்லதாய், ஆழமாய் இருக்கும். அத்தகைய நிலத்தில் செடி சிறந்து வளரும் என்பது அவர் கருத்து. இது உழவனின் பேச்சு. ஆழமான மண் ஐப்பசி மழையை உள்வாங்கித் தை, மாசி வரை வேருக்குத் தரும். ஆக அவ்வுவமையில் தோட்டத்தின் சிறப்பு வரும் நீரின் அளவில் வைக்கப்படவில்லை. வந்ததை வைத்துக்கொள்ளும் நிலத்தின் தன்மையில் வைக்கப்பட்டுள்ளது.

இதற்கு முந்திய 264ஆம் வசனம் எதிர்ப்படம். பிறர் காணச் செலவிடுவோனின் நிலை, மேலே சிறிது மண் படிந்த வழுக்குப் பாறையை ஒத்தது. பெருமழை பெய்ததும் மண் கழுவப்பட்டு வெறும் பாறை மிஞ்சுகிறது. திண்டு போன்ற கல் நடுவே நிற்பதால் பெயர் பெற்ற ஊரில் இதற்கு விளக்கவுரை மிகுதியாகத் தேவைப்படுவதில்லை. 'ஸஃப்வான்' என்னும் சொல்லுக்குப் பொருள் கேட்கும் மாணவரிடம் சன்னல் வழியே மலைக்கோட்டைப் பாறையைக் காட்டினால் போதும். அதே பெருமழைதான் இரண்டிடத்திலும் பெய்கிறது. ஒன்றில் இருமடங்கு விளைச்சல். மற்றதில் இருந்த மண்ணும் இல்லை. திண்டுக்கல்லின் ஐப்பசி மழையும் இவ்விரண்டில் ஒன்றையே செய்கிறது. சிமென்ட் தளமிட்ட பள்ளி முற்றங்கள் பாறையின் பக்கம் சேர்ந்துவிட்டன.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். ஸபஉ அத்தியாயத்தில், நன்றி மறந்த ஸபா மக்களின் இரு தோட்டங்கள் அணை உடைந்த வெள்ளத்தால் அழிந்து, அவற்றுக்குப் பகரமாகக் கசப்புக் கனி மரங்களும், 'அஸ்ல்' என்னும் வறட்சி மரமும், சில இலந்தை மரங்களும் கொடுக்கப்பட்டதாகத் திருமறை கூறுகிறது. வறட்சியைத் தாங்கும் செடிகள் தண்டனையின் அடையாளமாகவன்றோ அங்கே வருகின்றன? அவற்றை விரும்பி வளர்ப்பது எங்ஙனம்? மறுப்பு வலுவானது, தட்டிக்கழிக்கத் தக்கதன்று. ஆனால் அதே இலந்தை, முள் நீங்கியதாய், அல்வாகிஆ அத்தியாயத்தில் வலப்புறத்தாரின் சுவனத்து மரமாக வருகிறது. மரத்தில் இழிவு இல்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. ஸபா மக்களின் குற்றம் அருட்கொடையைப் பேணாமை. நீர் என்னும் கொடையைப் பேணாத ஊருக்கு இலந்தையும் ஆவாரையும் மட்டுமே மிஞ்சும் என்பது அங்குள்ள எச்சரிக்கை. பேணுகின்ற ஊர் அவற்றைத் தானே தேர்ந்து நடுவதற்கு அவ்வசனத்தில் தடை ஏதும் இல்லை.

அடுத்து வேளாண் நூல்கள். ஆந்தலூசியாவைப் புகழும் ஒவ்வொரு தமிழ்க் கட்டுரையிலும் இஷ்பீலியாவின் இப்னுல் அவ்வாம் பெயர் இடம்பெறுகிறது. ஐந்நூற்றுக்கு மேற்பட்ட செடிகளை விளக்கியவர் என்னும் எண்ணிக்கையும் உடன் வரும். நூலுக்குள் நுழைந்த சுவடு மட்டும் தெரிவதில்லை. ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சார்ந்த அவருடைய கிதாபுல் ஃபிலாஹா, 1802இல் மத்ரீதில் அரபு மூலமும் ஸ்பானிய மொழிபெயர்ப்புமாக அச்சேறியது. அந்நூலின் நடை முன்னோர் கூற்றுகளைத் தொகுத்துச் செல்வது; ஆயின் இடையிடையே 'எனது' என்னும் பொருள்படும் 'லீ' என்ற சொல்லை இட்டு, தாமே செய்து கண்டதைப் பிரித்துக் காட்டுவார் ஆசிரியர். இஷ்பீலியாவை அடுத்த ஷரஃப் என்னும் மேட்டு நிலம், ஒலிவமும் அத்தியும் செழித்த பூமி, அவருடைய சோதனைக் களம். கேட்டதற்கும் கண்டதற்கும் இடையே கோடிட்ட அந்த ஒரு சொல்லுக்காகவே அவரை நம் மாணவர் படிக்க வேண்டும். மரத்தடியில் மட்குடத்தை வைத்து, சிறு துளை வழியே நீர் சொட்டுச் சொட்டாய் வேருக்கு இறங்கச் செய்யும் முறையை அவர் எழுதிவைத்தார். நம் பக்கத்தில் பானைப் பாசனம் என்று வழங்குவதற்கு இது உடன்பிறப்பு.

அந்நூல்கள் நிலத்தை 'ஸகீ' என்றும் 'பஃல்' என்றும் பிரித்துப் பேசும். முன்னது பாய்ச்சல் நிலம். பின்னது வானம் பார்த்த பூமி. இப்பிரிவு நம் ஃபிக்ஹு மாணவர்க்குப் புதிதன்று. மழையாலோ, வேரே உறிஞ்சும் நிலத்து ஈரத்தாலோ விளைந்ததற்குப் பத்தில் ஒன்று, இறைத்துப் பாய்ச்சியதற்கு இருபதில் ஒன்று என ஸகாத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வகுத்தது இதே பிரிவின் மீதுதான். பூவுக்கு உஷ்ரு உண்டா என்பது வேறொரு விவாதம். சேமிக்கத்தக்க உணவுத் தானியம், கனிகளுக்கே கடமை என்பர் ஷாஃபிஈ மத்ஹபினர். விறகு, நாணல், புல் போன்றவை நீங்கலாக விளைவித்த அனைத்துக்கும் உண்டு என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. ஹனஃபி வழியில் நிற்கும் திண்டுக்கல் ராவுத்தர்கள் பூந்தோட்டம் வைத்திருப்பின் இதைக் கவனிக்க வேண்டும். 'பஃல்' என்பதற்கு நாம் வகுப்பில் வெறும் அகராதிப் பொருள் சொல்லிக் கடந்துவிடுகிறோம். மானாவாரி என்று சொல்லி, வேடசந்தூர்ப் பக்கத்து நிலத்தை நினைவூட்டினால் பாடம் நிலைக்கும்.

அல்மரியாவின் இப்னு லுயூன் (ஹிஜ்ரி 750இல் மறைந்தவர்) தம் வேளாண் செய்யுள் நூலின் இறுதியில் தோட்டமும் வீடும் அமைக்கும் முறையைச் சொல்கிறார். உயர்ந்த இடத்தைத் தேர்க என்பதும், வாய்க்காலோ கிணறோ வீட்டருகே இருக்கட்டும் என்பதும், நீர்த்தொட்டியை ஒட்டி என்றும் பசுமையான செடிகளை வைக்க என்பதும் அவருடைய அறிவுரைகள். நீரை ஓரிடத்தில் தொகுத்து, அதனருகே பசுமையை நெருக்கி, அப்பால் செல்லச் செல்லத் தாங்கும் செடிகளை விடும் ஒழுங்கு இது. முற்றம் முழுவதும் புல் விரிக்கும் இன்றைய நாகரிகம் இந்நூல்களில் இல்லை.

புல்லைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். நமது மாவட்டத்துக் கல்வி நிலையம் ஒன்றில் (பெயர் வேண்டா) பெருஞ்செலவில் கொரியன் புல்வெளி அமைத்தார்கள். 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 சனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சிக்கு உள்ளானவையாக அறிவிக்கப்பட்டபோது, அப்புல்லுக்கு லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றினார்கள். ஊர்ப்பெண்கள் அதே லாரிக்குக் குடத்துடன் காத்திருந்தனர். சித்திரைக்குள் புல் கருகியது. வாயிற்புறத்தில் யாரும் நினைத்துப் பாராமல் நின்ற காகிதப்பூவும் அரளியும் பூத்துக்கொண்டிருந்தன. மறு ஆண்டு மழை வந்ததும் மீண்டும் புல்லே நட்டார்கள். மரம் நடு விழாக்களில், மறுமை நாள் வந்துவிட்டாலும் கையிலுள்ள கன்றை நட்டுவிடச் சொல்லும் நபிமொழி ஒலிபெருக்கியில் தவறாமல் முழங்குகிறது. நட்டதற்கு நாளை நீர் யார் வீட்டுக் கிணற்றிலிருந்து என்று கேட்பார் இல்லை.

இனி இந்த மண்ணுக்கு உரிய செடிகளைப் பார்ப்போம். திண்டுக்கல் பூவுக்குப் பெயர் பெற்ற ஊர். நிலக்கோட்டைச் சந்தையின் மல்லிகை, 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் எல்லைக்குள் அடங்குவது. மல்லிகை நீர் கேட்கும் பயிர். விலையும் அதற்கேற்ப ஏறும், இறங்கும். வறட்சியில் உழவனைக் கைவிடாத பூ அரளி. ஒருமுறை நட்டால் பல ஆண்டு நிற்கும். கவாத்துச் செய்தால் மீண்டும் தழைக்கும். உப்புநீரையும் ஓரளவு பொறுக்கும். இந்த அரளியைத்தான் அரபு மருத்துவ நூல்கள் 'திஃப்லா' என்கின்றன. மாலகாவில் பிறந்த இப்னுல் பைத்தார் தம் மருந்துப் பெருநூலில் இதைச் சேர்த்திருக்கிறார். மத்தியதரைக் கடலோரத்தில் மழை நின்று வறண்ட ஓடைப் படுகைகளில் இது காடாய்ப் பூக்கும். நான்குவழிச் சாலையில் திண்டுக்கல்லிலிருந்து மதுரை செல்வோர் நடுத்திட்டில் வரிசையாய்க் காணும் இளஞ்சிவப்புப் பூவும் அதுவே. ஆந்தலூசியாவை நம் ஊரில் தேடுவோர்க்கு அது நடுச்சாலையில் நின்றுகொண்டிருக்கிறது. நீர்த்தாரையைத் தேடும் கண்ணுக்கு அது படுவதில்லை.

மருதாணி இன்னொன்று. குச்சி நட்டாலே வேர்விடும். வேலியாக நெருங்கி நிற்கும். ராஜஸ்தானின் சோஜத் பகுதியில், நம்மைவிடக் குறைந்த மழையில், மானாவாரியாகவே பயிராகிறது. அதன் இலையை நம் பெண்கள் அறிவர். பூவின் மணத்தை அறிந்தோர் குறைவு. அப்பூவுக்கு அரபியில் 'ஃபாகியா' என்று தனிப்பெயரே உண்டு. சுவனத்து நறுமணங்களின் தலைமை அதற்கு என்று கூறும் அறிவிப்பு ஒன்று வழங்குகிறது. அது வலுவற்றதாதலின் சான்றாகக் கொள்ளோம். நறுமணச் செடியை ஒருவர் தந்தால் மறுக்க வேண்டாம், அது சுமப்பதற்கு இலேசானது, மணத்தால் இனியது என்னும் கருத்துடைய நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. பூவின்பால் நம் மார்க்கத்தின் மனநிலையை அறிய அது போதும்.

ஆவாரையின் கதை நம் சமுதாயத்தோடு நெருங்கியது. சற்று வருத்தமும் தருவது. குறிஞ்சிப்பாட்டின் தொண்ணூற்றொன்பது பூக்களுள் ஒன்றாகிய ஆவிரை இதுவே. யாரும் நீரூற்றாமல் திண்டுக்கல் தரிசுகளில் மஞ்சளாய்ப் பூத்துக் கிடக்கும். திண்டுக்கல்லின் தோல் பதனிடும் தொழிலில் முஸ்லிம் வணிகர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. அத்தொழில் நெடுங்காலம் நின்றது ஆவாரம்பட்டையின் மீது. பட்டையைத் தந்த செடி நிலத்தைக் கெடுக்கவில்லை. பின்னர் குரோமியப் பதனீடு பரவியது. தோலைப் பாடம் செய்யும் உப்பும் கழிவுநீரோடு சேர்ந்து இறங்கியது. நகரைச் சூழ்ந்த கிணறுகள் கரித்தன. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தமிழகத் தோல் ஆலைகள் பற்றி வழங்கிய புகழ்பெற்ற தீர்ப்பில் திண்டுக்கல் மாவட்டமும் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டது. இதை எழுதுவது சிலருக்கு உவப்பாயிராது. தொழில் பலருக்குச் சோறிட்டது என்பதும் உண்மை. ஆயினும் தரிசில் தானாய்ப் பூத்த ஒரு செடி நம் செல்வத்துக்கு அடியாய் இருந்தது. அச்செடியை மறந்து, நிலத்தடி நீரையும் உப்பாக்கிவிட்டு, அந்த உப்புநீரை இறைத்தே கிரானடாவின் தோட்டத்தை வரைய முயல்கிறோம். பொங்கலுக்குக் காப்புக் கட்டும் பூ என்பதால் ஆவாரையைப் பள்ளி வளாகத்தில் வைக்கத் தயங்குவோர் உளர். கோயில் மாலைக்குப் போவதால் அரளியிலும் அதே தயக்கம். பொருள்களின் அடிப்படை நிலை ஆகுமானது என்பது சட்ட விதி. பிறர் தம் வழிபாட்டில் பயன்படுத்துவதால் ஒரு செடி விலக்கப்பட்டதாகிவிடாது. அங்ஙனமாயின் மல்லிகையையும் விட்டுவிட வேண்டியிருக்கும்.

நீர் எங்கிருந்து என்னும் கேள்விக்குப் பள்ளிவாசலிலேயே விடை இருக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு 'முத்' அளவு நீரில் உளூச் செய்தார்கள் என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள செய்தி. ஹனஃபிக் கணக்கில் அது ஏறத்தாழ ஒரு லிட்டர்; ஷாஃபிஈ கணக்கில் இன்னும் குறைவு. இன்று திறந்த குழாயடியில் ஒருவர் ஐந்து லிட்டர் செலவிடுவதாகக் கொண்டால், இருநூறு பேர் தொழும் பள்ளியில் ஒரு வேளைக்கு 1,000 லிட்டர் சாக்கடைக்குப் போகிறது. உளூவில் பயன்பட்ட நீர் தூய்மையானதே, ஆனால் பிறிதொன்றைத் தூய்மையாக்காதது என்பது ஹனஃபி மத்ஹபில் ஃபத்வா வழங்கப்படும் கருத்து. ஷாஃபிஈ நிலையும் அதுவே. அது அசுத்தம் என்று இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் வழியாக வந்த மற்றோர் அறிவிப்பின்படி ஃபத்வா இல்லை. ஆகவே அந்நீரைச் செடிக்குப் பாய்ச்சத் தடையேதும் இல்லை. சோப்புக் கலவாத நீர். ஐந்து வேளையும் தவறாமல் வருவது. மருதாணி வேலிக்கும் ஆவாரைப் பாத்திக்கும் அதிற் சிறு பங்கே மிகை. ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிஸா பேகம் அடங்கியுள்ள பேகம்பூர்ப் பெரிய பள்ளிவாசலைப் போல் விரிந்த வளாகமுள்ள பள்ளிகளில் இதற்கு இடத்துக்கும் குறைவில்லை. அதே ஹைதர் அலி 1760இல் பெங்களூரில் லால்பாக்கைத் தொடங்கினார் என்பதை நினைவூட்டினால் நிர்வாகத்தினர் மகிழ்ந்து கேட்பர். ஆனால் லால்பாக்குக்கு ஏரி உண்டு என்பதையும் உடன் சொல்லிவிட வேண்டும்.

செய்முறையில் ஓர் எச்சரிக்கை. அரளியின் இலை, பூ, வேர், பால் அனைத்தும் நஞ்சு, இதயத்தைத் தாக்குவது. காய்ந்த சருகை எரித்த புகையும் தீங்கானது. எனவே மக்தபுப் பிள்ளைகள் ஓடியாடும் முற்றத்திலும், குர்பானி ஆடு கட்டும் இடத்திலும் அது கூடாது. சாலையோர எல்லைக்கும் கபர்ஸ்தானின் வெளிச்சுற்றுக்கும் ஏற்றது. கபருகளின் மீதே செடி வைப்பது பற்றி, பசுமையான பேரீச்ச மட்டையை இரு கபருகளின் மீது நபியவர்கள் ஊன்றிய நிகழ்ச்சியைப் பொதுச்சட்டமாகக் கொள்ளலாமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதால், அதை இங்கே எடுக்கவில்லை. உள்முற்றத்துக்கு மருதாணியும் ஆவாரையும் நித்தியகல்யாணியும் போதும். அவற்றுள் நித்தியகல்யாணியும் உண்ணத்தக்கதன்று என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டும். தளத்தை ஓரங்களில் பெயர்த்து, பாத்தியை ஒரு முழம் தாழ்த்தி, சருகும் மக்கிய எருவும் இட்டு நிரப்பி, ஐப்பசியின் முதல் நல்ல மழை கண்டபின் குச்சிகளை நட வேண்டும். முதற்கோடை ஒன்றுக்குத்தான் பானை தேவைப்படும். வேர் இறங்கிய இரண்டாம் கோடையில் பானையை எடுத்து அடுத்த கன்றுக்கு வைத்துவிடலாம்.